கொங்கு நாடும் மோட்டார் எஞ்சினும்

கோயம்புத்தூரின் தொழில் வளத்துக்குக் காரணம் யாது என்று கேட்டால், பள்ளிச் சிறுவனும் மூன்று விடைகளைச் சொல்லுவான். கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி ஒன்று. 1888-ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையும், அதன் பின் வரிசையாக எழுந்த ஆலைகளும் இரண்டு. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா அருவியிலிருந்து இறங்கி வந்த மின்சாரம் மூன்று. இம்மூன்றும் மெய்யே. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய நானும் இவற்றையே மாணாக்கருக்கு எடுத்துரைத்து வந்திருக்கிறேன். ஆயினும், இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லுவது என் வழக்கம். அது மண்ணிலிருந்தோ மலையிலிருந்தோ வந்ததன்று. சாலையோரத்துப் பட்டறைகளில், எண்ணெய் படிந்த கைகளால் தேடப்பட்டது. ஓடாத யந்திரம் ஏன் ஓடவில்லை என்று முறையாக ஆராய்ந்து காணும் அறிவே அது.

பழுதுகளோ பலவகைப்பட்டவை. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வழியே நம் நாட்டு வரலாற்றின் ஒரு பகுதியைப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். மோட்டார் ஓட்டுவோரும் பட்டறைக்காரரும் 'மிஸ்ஸிங்' என்று வழங்கும் நோயே அது. வண்டி நிற்காது, ஆனால் சீராகவும் ஓடாது. ஏற்றத்தில் மூச்சுத் திணறும். நிறுத்தி வைத்திருக்கும்போது உடல் முழுதும் நடுங்கும். சைலன்சரின் ஒலியில் ஒழுங்கான தாளம் இராது. இடையிடையே ஓர் அடி விட்டுப்போகும்.

இதன் காரணத்தை அறிய, எஞ்சினுக்குள் நடப்பதைச் சற்றே நோக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கு செயல்கள் முறையே நிகழ்கின்றன. பெட்ரோல் ஆவி கலந்த காற்றை உறிஞ்சுதல், அதை அழுத்துதல், எரித்தல், எரிந்த புகையை வெளியேற்றுதல் என்பன அவை. நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழலும் நான்கு சிலிண்டர் எஞ்சினில், ஒவ்வொரு நொடியிலும் 100 முறை தீப்பற்ற வேண்டும். நான்கு சிலிண்டரும் ஒருங்கே எரிவதில்லை. பெரும்பாலான எஞ்சின்களில் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்னும் வரிசையில் முறைவைத்து எரிகின்றன. திருவிழாவில் சப்பரம் தூக்குவோர் நால்வரில் ஒருவர் தோளை எடுத்துவிட்டால் மற்ற மூவரும் தடுமாறுவர் அல்லவா? அதுபோலவே, ஒரு சிலிண்டர் எரியத் தவறினால் எஞ்சின் முழுதும் தடுமாறுகிறது. வலிமையில் கால் பங்கு குறைவதோடு, வேலை செய்யாத அந்தச் சிலிண்டரை இழுத்துச் செல்லும் பாரமும் மற்ற மூன்றின்மேல் விழுகிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிடுவதால், தேய்மானமும் விரைவில் வந்து சேரும்.

ஒரு சிலிண்டர் எரிய மூன்று வேண்டும். ஏறத்தாழ பதினைந்து பங்கு எடைக் காற்றுக்கு ஒரு பங்கு எடைப் பெட்ரோல் என்ற அளவில் கலவை வேண்டும். அக்கலவை கசியாமல் அழுத்தப்பட வேண்டும். தக்க கணத்தில் வலுவான தீப்பொறி வேண்டும். மிஸ்ஸிங் என்னும் நோய்க்குரிய காரணங்கள் யாவும் இம்மூன்றனுள் அடங்கும்.

இம்மூன்றனுள் மனிதரை நெடுநாள் அலைக்கழித்தது தீப்பொறியே. 1886-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் தம் மோட்டார் வண்டிக்கு உரிமம் பெற்ற கார்ல் பென்ஸ், தீ மூட்டுதலையே தலையாய சிக்கலாகக் கருதினார். 1902-ஆம் ஆண்டில் ராபர்ட் பாஷ் என்பாரின் பட்டறையில், கோட்லோப் ஹோனோல்ட் என்ற பொறியாளர் உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். பின்னர், 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் பாட்டரியும் காயிலும் கொண்டு பொறி எழுப்பும் முறையைக் காடிலாக் வண்டிகளில் புகுத்தினார். பாட்டரியின் சிறிய மின் அழுத்தத்தைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தும். டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் கிண்ணம் அதை உரிய முறையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். இந்த ஏற்பாடு ஏறத்தாழ எழுபது, எண்பது ஆண்டுகள் உலகெங்கும் வழக்கில் இருந்தது.

இவ்வளவும் தொலைதூர நாடுகளில் நிகழ்ந்தவை. அவை கொங்கு நாட்டுக்குள் எவ்வாறு வந்தன என்பதே நமக்குரிய வரலாறு.

சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் பிறந்தவர் கோ. துரைசாமி நாயுடு. ஜி.டி. நாயுடு என்றால்தான் நேயர்களுக்கு விளங்கும். பள்ளிப் படிப்பு அவருக்குச் சில வகுப்புகளோடு நின்றுவிட்டது. தம் ஊர்ப்பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு, மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் அவ்வண்டியின்பால் அவர் மனம் சென்றது. கோயம்புத்தூருக்கு வந்து, ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அத்தகைய மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றியதோடு நிற்கவில்லை. வண்டியை அக்கக்காகப் பிரித்துப் போட்டார்; மீண்டும் பூட்டினார். ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என்பதை அங்ஙனம் கற்றார்.

1920-ஆம் ஆண்டில் அவர் ஒரே ஒரு மோட்டார் வண்டியுடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கினார். உடுமலைப்பேட்டை வழியாகச் செல்லும் அவ்வழி ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோமீட்டர் தூரம் கொண்டது. 1933-ஆம் ஆண்டளவில் அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் 280 பஸ்களைக் கொண்ட பெரும் நிறுவனமாக வளர்ந்துவிட்டது. யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தை அறியாதவர் அந்நாளில் கோவை வட்டாரத்தில் இலர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஒரு வண்டி 280 ஆனது என்பதைப் பணப்பெருக்கத்தின் கதையாக மட்டும் படிப்பது வழக்கம். அதற்குள் ஒரு கல்விப்பெருக்கமும் அடங்கியிருக்கிறது. அக்காலத்துச் சாலையை நினைத்துப் பாருங்கள். இருபுறமும் புளிய மரம், நடுவே செம்புழுதி. பொள்ளாச்சிச் சந்தைக்கு மூட்டையுடன் வரும் குடியானவரும், பழனிக்குக் காவடி எடுத்துச் செல்லும் அடியவரும், முகூர்த்த நேரத்துக்குள் மணப்பந்தலை அடைய வேண்டிய உறவினரும் ஒரே வண்டியில் அமர்ந்திருக்கின்றனர். வழியில் எஞ்சின் தாளம் தவறுகிறது. உதிரி உறுப்புகள் இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கப்பலேறி வர வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம். ஓட்டுநரிடம் இருப்பவை சில திருகு சாவிகளும், ஒரு கந்தைத் துணியும், இரண்டொரு பழைய பிளக்குகளுமே. சந்தை முடிவதற்குள் வண்டி நகர்ந்தாக வேண்டும்.

இந்த நெருக்கடிதான் கொங்கு நாட்டுத் தொழிலாளிக்கு ஆசானாக அமைந்தது. மாற்றுவதற்குப் பொருள் இல்லாதபோது, எதை மாற்ற வேண்டும் என்பதை ஐயமறத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஊகத்தின்பேரில் உறுப்புகளைத் தூக்கியெறிய அவனுக்கு வழியில்லை. ஆனால் அந்த எஞ்சினுக்குள்ளேயே அவனுக்கு ஒரு துணை இருந்தது. நான்கு சிலிண்டரில் ஒன்று நோயுற்றால் மூன்று நலமாக இருக்கின்றன. நலமானதன் பிளக்கை நோயுற்றதில் பொருத்திப் பார்க்கலாம். நோயுற்றதன் கம்பியை நலமானதில் செருகிப் பார்க்கலாம். ஒப்பிட்டு அறிவதற்கு வேண்டிய கருவிகளை அந்த எஞ்சினே வைத்திருந்தது. வறுமை இங்ஙனம் ஒரு முறையைப் பெற்றெடுத்தது.

நம் நாட்டின் நிலவமைப்பும் தன் பங்குக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் வண்டி, சமவெளியிலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்துக்குச் செல்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோவையில் சரியாக அமைத்த கார்புரேட்டர், உதகையில் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைக் கொடுக்கும். பிளக்கின் முனை கரி பூசிக் கருத்துப்போகும், எஞ்சின் தடுமாறும். இறக்கத்தில் குன்னூர்ப் பக்கத்து மூடுபனியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் படிந்தால், பொறி வழிதவறி வேறிடத்தில் பாயும். ஒரே நோய், காரணங்களோ இரண்டு. முன்னதற்குக் கலவையைத் திருத்த வேண்டும். பின்னதற்கு உலர்ந்த துணி ஒன்று போதும். மலைப்பாதையில் ஓட்டியவர்கள் பிளக்கின் நிறத்தைக் கொண்டே எஞ்சினின் நலத்தைக் கூறக் கற்றனர். இளம்பழுப்பு நிறமாயின் நலம். காய்ந்த கரியாயின் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்காயின் வளையத் தேய்வு. வெளுத்திருந்தால் காற்று மிகுதி, அல்லது வெப்ப மிகுதி. வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போன்ற சோதனை இது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது இந்த அறிவுக்குக் கடுஞ்சோதனை ஏற்பட்டது. 1941-ஆம் ஆண்டில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பஸ்களின் பின்புறத்தில் உயரமான இரும்பு உலைகளைப் பொருத்தி, கரியை எரித்து, அதிலிருந்து கிடைத்த வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டினார்கள். புறப்படுமுன் உதவியாள் கைவிசிறியைச் சுற்றிச் சுற்றி உலையை மூட்டுவான். அவ்வாயுவில் எரியக்கூடிய பகுதி பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடே. அதனோடு எரியாத நைட்ரஜனும் நிறையக் கலந்திருக்கும். பெட்ரோல் ஆவியைக் காட்டிலும் அது மெல்ல எரிவது. ஆகவே பொறியைச் சற்று முன்னதாகவே எழுப்ப வேண்டும். வாயுவோடு வரும் தூசும் தாரும் பிளக்கையும் வால்வையும் அடைத்துவிடும். மிஸ்ஸிங் என்பது அந்நாளில் அன்றாட நிகழ்ச்சியாயிற்று. பெட்ரோலுக்கென்று அமைத்த எஞ்சினை வேறோர் எரிபொருளுக்குப் பழக்கிய அந்தப் பட்டறைத் தொழிலாளர்கள், வேதியியல் நூலைத் தொட்டறியாதவர்கள். ஆயினும் எரிதலின் வேகத்தைக் காதால் அளந்தார்கள். பொறியின் காலத்தைக் கையால் திருத்தினார்கள்.

சாலையில் பிறந்த இவ்வறிவு வயலுக்கும் சென்றது. கொங்கு நாடு பெரிய ஆற்றுப்பாசனத்தை எங்கும் பெற்ற நாடன்று. ஆழக் கிணறுகளை நம்பி வாழ்ந்த நாடு. கவலை ஏற்றத்தில் மாடுகள் இறைத்த கிணறுகளுக்கு ஆயில் எஞ்சின்கள் வந்தன. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை; கடும் அழுத்தத்தால் சூடேறிய காற்றே எண்ணெயை எரித்துவிடும். ஆனால் எண்ணெய்க் குழாயில் காற்றுக்குமிழி புகுந்தாலும், நாசில் என்னும் தெளிகுழல் அடைத்தாலும் அதற்கும் தாளம் தவறும். திண்ணையில் படுத்திருக்கும் விவசாயி, காட்டுக் கிணற்றில் ஓடும் எஞ்சினின் ஓர் அடி விட்டுப்போவதைத் தூக்கத்திலேயே கேட்டு எழுந்து செல்வார். குழாயின் மரையைச் சற்றுத் தளர்த்தி, குமிழியை வெளியேற்றிவிட்டு, மீண்டும் இறுக்கி வைப்பார். பயிருக்கு நீர் பாயும். இத்தகைய செவிகள் ஆயிரக்கணக்கில் இருந்த நாட்டில் யந்திரத் தொழில் வேரூன்றியதில் வியப்பில்லை.

பழுதைக் காணத் தெரிந்தவன், பழுதான உறுப்பைத் தானே செய்து பார்ப்பான். உறுப்பைச் செய்தவன், ஒரு நாள் முழு யந்திரத்தையும் செய்ய முனைவான். கோயம்புத்தூர் நடந்த வழி இதுவே. 1926-ஆம் ஆண்டில் பூ.சா.கோ. அறநிலையம் தன் தொழிற்பயிற்சிக் கூடத்தைத் தொடங்கியது. 1937-ஆம் ஆண்டில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்சார மோட்டாரை இந்நாட்டிலேயே செய்து காட்டினர். பம்புகளும் மோட்டார்களும் வார்ப்படங்களும் ஆலை யந்திரங்களும் பின்னர் தொடர்ந்தன. இந்நகரின் யந்திரத் தொழிற்சாலைகள் பலவற்றின் பிறப்பைத் தேடிச் சென்றால், ஒரு பழுது பார்க்கும் கொட்டகையின் வாயிலில் போய் நிற்போம்.

மேலே கூறிய முறையை நானே நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்குக் கூற விரும்புகிறேன். 1990-களில் என்னிடம் பழைய அம்பாசிடர் கார் ஒன்று இருந்தது. பல்லடத்திலிருந்து திரும்பும் வழியில் அதற்கு மிஸ்ஸிங் கண்டது. முதலில் சென்ற ஒரு பட்டறையில் நான்கு பிளக்குகளையும் மாற்றினார்கள். பிறகு காயிலையும் மாற்றினார்கள். என் மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதி கரைந்தது. நோயோ அப்படியே இருந்தது. கார்புரேட்டரையும் மாற்றலாம் என்றார்கள். ஆசிரியர் குடும்பத்தில் மாதக் கடைசியில் அத்தகைய ஆலோசனை எவ்வளவு கவலையைத் தரும் என்பதை நேயர்கள் அறிவர்.

நண்பர் ஒருவர் சொல்ல, சிங்காநல்லூர்ப் பக்கம் இருந்த ஒரு மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். அறுபது வயதைத் தாண்டியவர். எட்டாம் வகுப்போடு பஸ் கம்பெனிக் கொட்டகையில் உதவியாளாகச் சேர்ந்தவர். நான் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தப் போனேன்.

"நிறுத்த வேண்டாமுங்க வாத்தியாரய்யா. ஓடிட்டே இருக்கட்டும்" என்றார்.

சைலன்சரின் வாயருகே உள்ளங்கையைக் காட்டிச் சற்று நேரம் நின்றார். பின்பு தடித்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதற் கம்பியைக் கழற்றியதும் எஞ்சின் தளர்ந்தது. இரண்டாவதிலும் தளர்ந்தது. மூன்றாவதைக் கழற்றியபோது எந்த மாறுதலும் இல்லை. நான்காவதில் மீண்டும் தளர்ந்தது.

"மூணாவதுதானுங்க சும்மா உக்காந்திருக்குது" என்றார்.

எஞ்சினை நிறுத்தி, மூன்றாவதன் பிளக்கை இரண்டாவதிலும், இரண்டாவதன் பிளக்கை மூன்றாவதிலும் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது நன்றாகவே எரிந்தது, மூன்றாவதுதான் எரியவில்லை. பிளக்கின்மேல் குற்றமில்லை என்று ஆயிற்று. அடுத்துக் கம்பியை மாற்றினார். அப்போதும் மூன்றாவதே ஓய்ந்திருந்தது. கம்பியும் குற்றமற்றது. காயிலைப் பற்றி ஐயுறவே இடமில்லை. அது கெட்டிருந்தால் நான்குமே தடுமாறியிருக்கும். எஞ்சியது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. அதைக் கழற்றித் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்து என்னிடம் காட்டினார். உட்புறத்தில், மூன்றாவது முனையிலிருந்து விளிம்பு வரை, தலைமயிரை ஒத்த கருங்கோடு ஒன்று ஓடியது. அந்தக் கரிக்கீற்றின் வழியே பொறி இரும்பில் இறங்கி வீணாகிக்கொண்டிருந்தது. வேறொரு மூடியைப் பொருத்தினார். எஞ்சின் தாளம் பிடித்தது. கால் மணி நேரந்தான் ஆகியிருக்கும்.

"பிளக்கும் காயிலும் நல்லாத்தான் இருந்திருக்குமுங்க. அதுகளை எதுக்கு மாத்துனாங்க?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

அன்று இரவு அவர் செய்தவற்றை என் அறிவியல் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சோதனை முறையைப் பற்றி எங்களுக்குப் பல பாடங்கள் நடத்தினார்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மற்றவற்றை மாறாமல் வைக்க வேண்டும். விளைவு மாறுகிறதா என்று நோக்க வேண்டும். ஊகத்தைச் சோதனையால் கொல்லவோ நிறுத்தவோ வேண்டும் என்பன அப்பாடங்களின் சாரம். அம்மேஸ்திரி ஒரு சொல்லும் பிறழாமல் அவற்றைச் செய்து காட்டியிருந்தார். முதற் பட்டறையிலோ ஒரே சமயத்தில் பலவற்றை மாற்றியதால், நோய் தீர்ந்திருந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது அவர்களுக்கே விளங்கியிராது. இரண்டு பட்டறைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு கைத்திறனில் இல்லை. சிந்தனை ஒழுங்கில் இருந்தது. இந்த ஒழுங்கைத்தான் பொள்ளாச்சி, பழனிச் சாலையின் பற்றாக்குறை ஒரு தலைமுறைக்குப் புகட்டி, அத்தலைமுறை அடுத்ததற்கு வழங்கியிருக்கிறது.

இவ்வறிவைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கொண்டுவர ஜி.டி. நாயுடு முயன்றார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. 1945-ஆம் ஆண்டில், அப்போதைய ஆளுநர் ஆர்தர் ஹோப் என்பாரின் பெயரால், கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்லூரி அவருடைய முயற்சியால் உருவாயிற்று. பின்னாளில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுவே. பொறியியலுக்கு நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டு ஆண்டுகளே போதும் என்பது நாயுடுவின் வாதம். வேலையில் இருப்போருக்கு வேறு கால அட்டவணையும், குறுகிய பயிற்சிகளும் வேண்டும் என்றும் அவர் கேட்டார். அரசு இணங்கவில்லை; அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் இவ்வழக்கை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. கணிதமும் இயற்பியலும் அவசரத்தில் விளைபவை அல்ல; அவற்றுக்குரிய காலத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். ஆகவே நாயுடுவின் ஆண்டுக் கணக்கை நான் முழுதும் ஏற்பதற்கில்லை. ஆயினும் அக்கணக்குக்குப் பின்னே இருந்த கவலை நேரியது. யந்திரத்தைத் தொடாமலே யந்திரக் கல்வி முடிந்துவிடக்கூடாது என்பதே அவர் கவலை. 1974-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். நான்கு ஆண்டுகளும் கற்றுப் பட்டம் பெற்ற இளைஞர், ஓடும் எஞ்சினருகே கைகட்டி நிற்பதை நாம் காணுந்தோறும் அக்கவலை உயிர்பெறுகிறது.

இன்றைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் அமர்ந்திருக்கிறது. கணிப்பொறி பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. ஒரு சிலிண்டர் எரியத் தவறினால் கிராங்க் தண்டின் சுழற்சி அக்கணத்தில் நூலிழை அளவு தளரும். தண்டோடு சுழலும் பற்சக்கரத்தை நோக்கியிருக்கும் உணர்கருவி அத்தளர்ச்சியைக் கண்டு கணிப்பொறிக்கு அறிவிக்கும். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு முதல் புதிய கார்களில் இவ்வேற்பாடு கட்டாயமாயிற்று. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பாரத் ஆறாம் நிலை விதிகள் நடைமுறைக்கு வந்தபின் நம் நாட்டு வண்டிகளிலும் இத்தகைய காவல் இறுகியிருக்கிறது. எரியாத பெட்ரோல், புகையைத் தூய்மை செய்யும் பெட்டியைச் சுட்டுக் கெடுத்துவிடும் என்பதும் இக்காவலுக்கு ஒரு காரணம்.

பட்டறைக்காரர் ஒரு சிறு கருவியை வண்டியில் செருகினால், பி 0303 என்று எழுத்து தோன்றும். மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை என்பது அதன் பொருள். சிங்காநல்லூர் மேஸ்திரி கம்பிகளைக் கழற்றிக் கண்டுபிடித்ததைக் கருவி கண்ணிமைப்பொழுதில் சொல்லிவிடுகிறது. அதற்காக மகிழ்வோம். ஆனால் அது ஏன் எரியவில்லை என்பதைக் கருவி சொல்லுவதில்லை. பிளக்கா, காயிலா, தெளிகுழலா, வால்வா என்பதை மனிதனே காண வேண்டும். மூன்றாவதன் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் பொருத்தி, எழுத்து பி 0302 என்று மாறுகிறதா என நோக்குவதே இன்றும் நல்ல பட்டறைக்காரரின் வழி. மாறினால் குற்றம் காயிலில். மாறாவிட்டால் அடுத்ததைச் சோதிக்க வேண்டும். பழனிச் சாலையில் பிளக்கை மாற்றிப் பார்த்த அதே முறைதான்! யந்திரம் மாறிற்று; முறை மாறவில்லை.

மாறாத இம்முறைக்கு இன்று வந்துள்ள ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. அந்நாளில் உதிரி உறுப்பு கிடைப்பது அருமை. ஆகவே சிந்தனை கட்டாயமாயிற்று. இந்நாளில் உறுப்புகள் மறுநாளே வீட்டு வாயிலுக்கு வந்து சேர்கின்றன. ஆகவே சிந்திக்காமலே மாற்றிப் பார்க்கும் வழக்கம் பெருகுகிறது. எழுத்தைப் படித்தவுடன் மூன்று நான்கு உறுப்புகளை ஒருங்கே மாற்றிப் பணம் கேட்பது எளிது. வசதி பெருகும்போது அறிவு மெலியலாம் என்பதற்கு இது ஒரு சான்று. மின்சார வண்டிகள் பெருகி, தீப்பொறியே தேவையற்றுப் போகும் காலமும் வரலாம். அப்போதும் வண்டிகள் பழுதுபடும். பழுதின் காரணத்தை ஒவ்வொன்றாக விலக்கித் தேடுபவரின் தேவையும் இருந்தே தீரும்.

இதில் பள்ளிகளுக்கு ஒரு கடமை உண்டு. 'படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்' என்று மாணாக்கரை அச்சுறுத்தும் வழக்கம் கொங்கு நாட்டுப் பள்ளிகளிலேயே நெடுங்காலமாக இருந்து வருகிறது. எந்தக் கொட்டகையிலிருந்து இந்நகரம் எழுந்ததோ, அந்தக் கொட்டகையைத் தண்டனைக்குரிய இடமாகக் காட்டுவது முறையாகுமா? 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்கல்விப் பிரிவும் அதனோடு வந்தது. ஆனால் மதிப்பெண் குறைந்தோருக்குரிய ஒதுக்கிடமாகவே அதைப் பலர் கருதிவிட்டனர். பட்டறைக்குச் சென்ற என் மாணாக்கர் சிலர், வகுப்பில் தங்களுக்குப் பிடிபடாத காரண காரிய ஆராய்ச்சியை அங்கே திறம்படச் செய்வதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு அறிவு இல்லாமல் இல்லை. அறிவு பற்றிக்கொள்வதற்கு ஒரு பொருள் கையில் கிடைக்கவில்லை.

ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் ஓடக்கூடிய பழைய எஞ்சின் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கழித்துக் கட்டிய வண்டிகளுக்குக் கோவையில் பஞ்சமில்லை. ஆசிரியர் அதில் மறைவாக ஒரு கோளாற்றைச் செய்து வைக்கட்டும். மாணவரும் மாணவியரும் நால்வர் நால்வராக வந்து அதைத் தேடட்டும். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னே, தாம் எதை ஐயுறுகின்றனர், ஏன் ஐயுறுகின்றனர் என்பதை ஏட்டில் எழுதட்டும். பின்பு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கட்டும். பட்டம் பெறப் போகிறவனும் பட்டறைக்குப் போகிறவனும் அருகருகே நின்று அந்த எஞ்சினைக் கேட்கட்டும். கலங்கலில் பிறந்த ஓர் இளைஞர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய வண்டியைப் பிரித்துப் போட்டுக் கற்ற பாடத்தை, நம் பிள்ளைகளுக்கு நாம் பள்ளியிலேயே கொடுத்துவிட முடியும்.